கோமாளி தப்பித்தான், ஊர் தொலைந்தது

ஸ்டீபன் கிங்கின் 'இட்' நாவலை ஒலிநூலாகக் கேட்டால் ஏறக்குறைய 45 மணி நேரம் ஓடும். நடிகர் ஸ்டீவன் வெபர் வாசித்தது. அதே கதையை 1990 நவம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி இரண்டு இரவுகளில் முடித்துவிட்டது. விளம்பரங்களைக் கழித்தால் மூன்றேகால் மணி நேரம்கூட இல்லை. 2017இலும் 2019இலும் வந்த இரண்டு படங்களைச் சேர்த்தால் ஐந்து மணி நேரமும் சொச்சமும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பங்கு குப்பைக்கூடைக்குப் போகிறது.

போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1986இல் வந்த முதல் பதிப்பு 1,138 பக்கம். பேருந்தில் நின்றபடி ஒரு கையால் பிடித்துப் படிக்கக்கூடிய சாமான் இல்லை அது. படித்து முடித்தவர்களிலேயே பலர் 'இருநூறு பக்கம் குறைத்திருக்கலாம்' என்பார்கள். வெட்டியதற்காக ஒருவரும் கண்ணீர் விடாத பகுதிகள் அதில் உண்டு. எந்தத் தழுவலும் தொடாத, தொடக்கூடாத ஒரு காட்சியும் உண்டு. என் சிக்கல் வேறு. நீள நாவல் ஒன்று படமாகிறது என்றால் உடனே எல்லோரும் 'எதை வெட்டப் போகிறார்கள்?' என்று ஆரம்பித்துவிடுகிறோம். இது ஏன் இவ்வளவு நீளம் என்று யாரும் கேட்பதில்லை. சில நாவல்கள் ஆசிரியரின் வாய் நீளத்தால் நீளமானவை. சிலவற்றுக்கு நீளம் இல்லையென்றால் கதையே இல்லை. 'இட்' இரண்டு வகையிலும் சேர்த்தி, அதுதான் தொல்லை. எது கொழுப்பு, எது சதை என்று பிரிக்கத் தெரியாமல் முப்பது வருடமாக ஒவ்வொருவரும் கத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. மெய்ன் மாநிலத்தில் டெர்ரி என்ற கற்பனை ஊர். 1957இன் மழைக்காலத்தில் ஜார்ஜி என்ற ஆறு வயதுப் பையன் காகிதக் கப்பலைத் துரத்திக்கொண்டு போகிறான், சாக்கடை வாயிலிருந்து ஒரு கோமாளி பேச்சுக் கொடுக்கிறான், பையன் சாகிறான். அடுத்த கோடையில் அவனுடைய அண்ணன் பில்லும் இன்னும் ஆறு பிள்ளைகளும் சேர்ந்து அந்தக் கோமாளியாக வருவது எதுவோ, அதோடு மோதுகிறார்கள். வென்றுவிட்டதாக நினைக்கிறார்கள். 27 வருடம் கழித்து அது திரும்பி எழுகிறது. ஊரிலேயே தங்கிவிட்ட மைக் ஹேன்லன் மற்ற ஆறு பேருக்கும் போன் செய்கிறான்.

இந்தப் போன் அழைப்பில்தான் நாவல் உண்மையில் தொடங்குகிறது. ஆறு அழைப்புகள், ஆறு பேரும் இப்போது வெவ்வேறு ஊர்களில் வசதியாக வாழ்பவர்கள், ஒருவருக்கும் சிறுவயது நினைவில்லை. லேசான மறதி என்று நினைக்க வேண்டாம். சொந்தத் தம்பி எப்படிச் செத்தான் என்பதுகூட பில்லுக்கு மங்கிப் போயிருக்கிறது. மைக்கின் குரல் காதில் விழுந்ததும் அடியிலிருந்து ஏதோ கிளம்புகிறது. ஸ்டான் மட்டும் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் உயிரை விடுகிறான். நினைவுக்கு வருவதைவிடச் சாவது மேல் என்று முடிவு செய்துவிட்டான்.

அதன் பிறகு ஆயிரம் பக்கங்களுக்கு 1958ம் 1985ம் மாறி மாறி வருகின்றன. நடுத்தர வயது பென் நூலகத்துக்குள் நுழைகிறான், சிறுவன் பென் வெளியே வருகிறான். பெரியவர்களுக்கு என்ன நினைவு வருகிறதோ அது மட்டுமே நமக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு வரி தெரியாது. கடைசிப் பகுதிக்கு வரும்போது வாக்கியங்களே பாதியில் அறுந்து, அடுத்த உட்பிரிவில், 27 வருடம் தள்ளி, முடிகின்றன. 1958இல் சாக்கடைக்குள் இறங்கும் பிள்ளைகளும் 1985இல் இறங்கும் பெரியவர்களும் ஒரே வாக்கியத்துக்குள் நடக்கிறார்கள். முதல் வாசிப்பில் இதை வித்தை காட்டுகிறார் என்று நினைத்தேன். இரண்டாம் வாசிப்பில்தான், இந்த நாவலின் பயம் முழுக்க இந்தத் தையலில் இருக்கிறது என்று பட்டது. கோமாளி வந்து பல்லைக் காட்டுவது பத்து நிமிடப் பயம். நாற்பது வயதில் ஒரு மனிதனுக்குத் தன் குழந்தைப் பருவம் முழுவதும் தன்னிடமிருந்து திருடப்பட்டிருக்கிறது என்று தெரிய வருவது வேறு வகைப் பயம். அதை ஆயிரம் பக்கம் இழுத்தால்தான் நமக்கும் ஏதோ மறந்துபோய் இப்போது திரும்பி வருவதைப் போன்ற உணர்வு உண்டாகும். முதல் நூறு பக்கத்தில் படித்த ஒரு பெயரை எழுநூறாவது பக்கத்தில் பார்த்து 'இவன் யார்?' என்று புரட்டித் தேடுவோமே, அதையும் கிங் கணக்கில் எடுத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இந்த நாவலின் நீளம் சுமப்பவற்றில் இது ஒன்று. இன்னொன்று ஊர்.

கிங்குக்கு இந்தக் கதையின் விதை 1978இல் கொலராடோவின் போல்டர் நகரில் விழுந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த காரை வாங்க மாலை நேரத்தில் தனியாக நடந்து போனவர், ஒரு மரப்பாலத்தைக் கடக்கும்போது தன் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டார். பாலத்துக்கு அடியில் பூதம் காத்திருக்கும் பழைய ஆட்டுக்குட்டிக் கதை நினைவுக்கு வந்தது. பாலம் என்பது ஓர் ஊராக இருந்தால்? ஊருக்கு அடியில் என்ன இருக்கும்? அதற்குப் பிறகு மெய்ன் மாநிலத்தின் பாங்கோர் நகருக்குக் குடிபோனார். 1981 செப்டம்பரில் எழுத ஆரம்பித்து 1985 டிசம்பரில் முடித்தார்; தேதிகளை நாவலின் கடைசிப் பக்கத்தில் அவரே போட்டிருக்கிறார். டெர்ரியின் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், பால் பனியன் என்ற நாட்டுப்புறக் கதை மரவெட்டியின் சிலை, கென்டஸ்கீக் ஓடை எல்லாம் பாங்கோரில் இருப்பவைதான்.

இடங்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரின் குற்றங்களையும் எடுத்துக்கொண்டார். 1937 அக்டோபர் 12 அன்று பாங்கோரின் நடுத்தெருவில் பிரேடி கும்பல் என்ற கொள்ளைக்கார கும்பலை எஃப்பிஐ சுட்டு வீழ்த்தியது. துப்பாக்கி வாங்க வேட்டைச் சாமான் கடைக்கு வந்தவர்கள். கடைக்காரர்கள் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தார்கள். மறுபடி வந்தபோது ஆட்கள் காத்திருந்தார்கள். நாவலில் இது 1929ஆம் வருடத்து பிராட்லி கும்பல் ஆகிறது. கிங் செய்த பெரிய மாற்றம் ஒன்றுதான்: எஃப்பிஐயைத் தூக்கிவிட்டார். சுடுவது ஊர்க்காரர்கள். கடைக்காரர் 'இரண்டு நாள் கழித்து வாருங்கள், சரக்கு வந்துவிடும்' என்று கும்பலிடம் சொல்லிவிட்டு, கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சேதியைக் காதில் போடுகிறார். குறித்த நாளில் ஊரே துப்பாக்கியோடு தெருவில் நிற்கிறது. கும்பலில் இருந்த பெண்களையும் சேர்த்துச் சல்லடையாக்குகிறார்கள். சுடுபவர்களுக்கு நடுவே ஒரு கோமாளியும் இருந்தான். பின்னால் யாரைக் கேட்டாலும் 'அன்றைக்கு நான் வெளியூர் போயிருந்தேன்' என்கிறார்கள். இதை மைக்கிடம் சொல்லும் கிழட்டு மருந்துக்கடைக்காரர் கீன், நல்ல விருந்து சாப்பிட்ட கதையைப் போல ரசித்துச் சொல்கிறார்.

மைக் ஊர் நூலகர். இந்த மாதிரிச் சம்பவங்களைத் தோண்டித் தோண்டிக் குறிப்பெடுக்கிறான். நாவலின் பகுதிகளுக்கு இடையே அவனுடைய குறிப்புகள் இடையீடுகளாக வருகின்றன. 1906 ஈஸ்டர் அன்று இரும்பு ஆலை வெடித்து 102 பேர் சாகிறார்கள், அதில் 88 பேர் முட்டை தேட வந்த பிள்ளைகள். 1930இல் கறுப்பினச் சிப்பாய்கள் சேர்ந்து நடத்திய 'பிளாக் ஸ்பாட்' என்ற நடன விடுதியை வெள்ளையர்கள் உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கொளுத்துகிறார்கள். மைக்கின் அப்பா அதில் தப்பியவர். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கோமாளி நிற்கிறான். கொளுத்துவது அவன் கை இல்லை.

1984இல் பாங்கோரில் ஓர் இளைஞனை, அவன் தற்பாலீர்ப்பாளன் என்ற ஒரே காரணத்துக்காக, மூன்று பையன்கள் அடித்துப் பாலத்திலிருந்து ஓடையில் எறிந்தார்கள். அவன் மூழ்கி இறந்தான். கிங் அப்போது இந்த நாவலுக்குள் இருந்தார். அந்தச் சாவு அப்படியே ஏட்ரியன் மெலன் என்ற பெயரில் நாவலின் இரண்டாம் அத்தியாயமாக உட்கார்ந்துவிட்டது. ஏட்ரியனின் காதலன் போலீசிடம் பாலத்துக்கு அடியில் கோமாளியைப் பார்த்ததாகச் சொல்கிறான். யார் அது என்று கேட்டால், டெர்ரிதான், இந்த ஊர்தான் அது என்கிறான். கோமாளி வந்தால் வழக்கு குழம்பிப்போகும் என்று அதிகாரிகள் கோமாளியைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தபோது சிரிப்பு வந்தது. திரைக்கதை எழுத்தாளர்கள் செய்தது இதன் நேர்எதிர். ஊரைக் கழற்றிவிட்டுக் கோமாளியை மட்டும் கொண்டுபோனார்கள்.

1990 தொடரை நான் திட்டமாட்டேன். முதலில் அதை எடுப்பதாக இருந்தவர் ஜார்ஜ் ரொமேரோ; எட்டு முதல் பத்து மணி நேரத் தொடராகத் திட்டம். தொலைக்காட்சி நிறுவனத்துக்கு நீளத்தைக் கண்டு பயம் வந்து குறைத்துக்கொண்டே வர, ரொமேரோ போய் டாமி லீ வாலஸ் வந்தார். எழுதியவர் லாரன்ஸ் டி. கோஹன், 1976இல் கிங்கின் முதல் நாவலுக்குத் திரைக்கதை எழுதியவர். அந்த மூன்று மணி நேரத்துக்குள்ளும் அவர் போன் அழைப்புகளை விடவில்லை. ஓர் அழைப்பு, அதிலிருந்து ஒரு நினைவு, ஒரு பிள்ளை, அடுத்த அழைப்பு. விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே ஆளுக்கொரு தவணை. தொலைக்காட்சியின் கட்டாயமும் நாவலின் அமைப்பும் தற்செயலாகக் கைகோத்த இடம் அது. முதல் இரவு இன்றைக்கும் நிற்பதற்கு பென்னிவைஸ் என்ற அந்தக் கோமாளியாக வரும் டிம் கரி பாதிக் காரணம், இந்த அமைப்பு மீதி. இரண்டாம் இரவில் பிள்ளைகளின் கதை தீர்ந்துவிடுகிறது. பெரியவர்கள் மட்டும் மிச்சம். முடிவில் ஒரு ரப்பர் சிலந்தி. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது நம் பக்கம். 1998இல் ஜீ டிவியில் 'வோ' என்றொரு இந்தித் தொடர் வந்தது. கோமாளியாக நடிகர் லிலிபுட். வளர்ந்தவர்களில் ஒருவராக ஆசுதோஷ் கோவாரிகர். 'லகான்' எடுக்க இன்னும் மூன்று வருடம் இருந்தது. எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்திருந்த காலம். இந்தி ஒரு வார்த்தை புரியாது. அக்காவும் நானும் போர்வைக்குள் இருந்து பார்ப்போம். "டேய், அவன் திரும்பிட்டானா? திரும்பிட்டா சொல்லு, கண்ணத் திறக்கிறேன்" என்பாள். அது ஓர் அமெரிக்க நாவல் என்று தெரிய வந்தபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது. சுமார் ஐம்பது அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. ரொமேரோ கேட்டுக் கிடைக்காத நீளம் மும்பையில் சர்வசாதாரணமாகக் கிடைத்திருக்கிறது! அதை இப்போது நல்ல பிரதியில் முழுதாகப் பார்க்க முடிந்தால் எழுத எனக்கு நிறைய இருக்கும். போர்வைக்குள்ளிருந்து பார்த்ததை வைத்து விமர்சனம் எழுதுவது நியாயமில்லை.

2017 படத்துக்கு வருகிறேன். முதலில் கேரி ஃபுகுனாகா பல வருடம் இதோடு மல்லுக்கட்டி 2015இல் விலகினார். ஆண்டி முஷியேட்டி வந்தார். ஃபுகுனாகா காலத்திலேயே எடுக்கப்பட்டிருந்த முடிவு ஒன்று அப்படியே நின்றது: பிள்ளைகள் கதை ஒரு படம், பெரியவர்கள் கதை இன்னொரு படம். ஐம்பதுகளின் பிள்ளைகளை எண்பதுகளுக்கு நகர்த்தி, 1988 மழையில் தொடங்கி 1989 கோடையில் முடித்தார்கள். மம்மியும் ஓநாய் மனிதனும் எண்பதுகளின் பிள்ளையைப் பயமுறுத்தமாட்டார்கள் என்று அவரவருக்குப் புதிய பயங்களைத் தைத்தார்கள். மூன்றரைக் கோடி டாலரில் எடுத்த படம் உலகமெங்கும் எழுபது கோடி டாலர் வசூலித்தது. கடைசியில்தான் திரையில் 'முதல் அத்தியாயம்' என்று எழுத்து வருகிறது. அதுவரை சொல்லவில்லை. வெற்றி நிச்சயமில்லாத போட்டியில் கூடுதல் ஆட்டத்தை முன்கூட்டி அறிவிக்க யாருக்கு மனம் வரும்?

நல்ல படம். மறுக்கவில்லை. பிள்ளைகள் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொள்ளும் சத்தத்துக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். ஊரைப் பற்றியும் முஷியேட்டிக்கு உள்ளுணர்வு இருந்திருக்கிறது. ஜார்ஜி கடிபடும்போது ஒரு கிழவி திண்ணைக்கு வருகிறாள், தெருவில் ரத்தம் கரைந்து ஓடுவதைப் பார்க்கிறாள், உள்ளே போய்விடுகிறாள். அடுத்து அந்தப் பாலம்: தடியன் ஹென்றி பென்னின் வயிற்றில் கத்தியால் கீறிக்கொண்டிருக்கிறான், ஒரு கார் வருகிறது, உள்ளே வயதான தம்பதி, பார்க்கிறார்கள், வண்டி நிற்காமல் போகிறது. தியேட்டரில் எனக்குப் பின்வரிசையில் யாரோ 'ச்சே' என்றார்கள். அந்த 'ச்சே' கோமாளிக்குக் கிடைத்த அலறலைவிடப் பெரியது.

ஆனால் கார் போகும்போது பின் கண்ணாடியில் சிவப்பு பலூன் ஒன்று மேலெழும்புகிறது. இங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. நாவலில் இதற்கு இணையான இடம் ஒன்று உண்டு. ஏழு பேரில் ஒரே பெண்ணான பெவர்லியை ஹென்றியின் கும்பல் துரத்துகிறது. எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் எழுந்து பார்க்கிறார். பிறகு செய்தித்தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். பலூன் கிடையாது, கோமாளி கிடையாது. அந்த ஆளை எந்தக் கணக்கில் வைப்பது என்று கிங் நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார். படத்தில் பலூன் வந்ததும் நமக்கு நிம்மதி: ஓ, அந்தத் தம்பதி மயக்கத்தில் இருக்கிறார்கள், குற்றம் சாக்கடையில் இருப்பவனுடையது. ஒரு பலூனைக் கொடுத்து ஊருக்கே ஜாமீன் வாங்கிவிட்டார்கள்.

மைக்குக்கு நடந்தது இதைவிட மோசம். ஊர் வரலாற்றைத் தோண்டுபவன் அவன், கறுப்பினத்தவன், பிளாக் ஸ்பாட்டில் தப்பியவரின் மகன். அந்த வேலையைப் படம் பிடுங்கி, புதிதாக ஊருக்கு வந்த வெள்ளைப் பையன் பென்னிடம் கொடுத்துவிட்டது. நூலகத்தில் பழைய ஆல்பம் புரட்டுவதும், சுவரில் படம் ஒட்டி வைப்பதும் எல்லாம் பென்தான். மைக்குக்கு ஆடு வெட்டும் வேலையும், தீயில் செத்த பெற்றோரும், பேச ஐந்தாறு வசனங்களும் மிச்சம். அவசரத்தில் பாத்திரங்களைச் சுருக்கும்போது இப்படி நடக்கும் என்று சமாதானம் சொல்லலாம். நான் சொல்லத் தயாரில்லை. ஊர் எதை மறந்தது என்று எழுதி வைத்திருக்கிறவனின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

முதல் படத்தின் வெற்றிக்கு எது காரணமோ அதுவே இரண்டாம் படத்துக்கு எமன். கதையை நேர்கோட்டில் பிரித்தபோது பிள்ளைகள் பக்கம் தெளிவாகிவிட்டது. ஆனால் 2019இல் பெரியவர்கள் 'ஏதோ நடந்ததே, என்ன அது?' என்று நெற்றியைச் சுருக்கும்போது, அரங்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் விடை தெரியும். இரண்டு வருடம் முன்னால் டிக்கெட் வாங்கிப் பார்த்தாயிற்று. ஜேம்ஸ் மெக்கவாய், ஜெசிகா சாஸ்டெய்ன், பில் ஹேடர் என்று ஒருவரும் சோடை போகவில்லை; ஆனாலும் அவர்கள் நினைவுக்குக் கொண்டுவரப் படும் பாட்டை நாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. படக்குழுவுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு புது ஃபிளாஷ்பேக் எடுத்து நடுவே செருகினார்கள். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கணினியில் முகத்தை இளைக்க வைத்தார்கள். 169 நிமிடத்தில் நடுப்பகுதி முழுக்க இதுதான்: ஆள் ஓர் இடத்துக்குப் போவார், பழைய நினைவு வரும், பூதம் வரும், ஓடுவார். அடுத்த ஆள். 1990இல் கோஹன் முதல் இரவிலேயே செய்து முடித்ததை இருபத்தொன்பது வருடம் கழித்துத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

என்னோடு படம் பார்த்த நண்பன் நாவல் படிக்காதவன். வெளியே டீக்கடையில் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "மச்சி, அந்த முதல் சீன்ல பாலத்துல ஒருத்தனப் போட்டு அடிச்சானுங்களே, அவனுங்க என்னடா ஆனாங்க?" என்றான். பதில் இல்லை. ஏட்ரியனின் சாவைப் படத்தின் தொடக்கத்தில் வைத்திருந்தார்கள். போன் அழைப்புகளைத் தொடங்கிவைக்க அது ஒரு சாக்கு. அதன் பிறகு அடித்தவர்களையும் அவர்கள் ஊரையும் படம் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாவலின் கடைசியில் அந்தப் பூதம் சாகும்போது டெர்ரியும் கூடவே சாகிறது. 1985 மே 31 அன்று புயல். தண்ணீர்க் கோபுரம் சாய்ந்து உருண்டு வருகிறது. ஊரின் நடுப்பகுதி அப்படியே கால்வாய்க்குள் இறங்குகிறது. இரண்டும் ஒரே உயிர் என்று ஆயிரம் பக்கம் சொன்னவர் கடைசியில் அதை நடத்திக் காட்டுகிறார். அதன் பிறகு நண்பர்கள் மறுபடியும் மறக்க ஆரம்பிக்கிறார்கள். மைக்கின் முகவரிப் புத்தகத்தில் அவர்கள் பெயர்களின் மை மங்குகிறது. வென்றதற்குக் கூலி அதுதான்: பூதத்தோடு சேர்ந்து நட்பும் போகும்.

படத்தில் டெர்ரி சேதாரமில்லாமல் நிற்கிறது, இடிவது ஒரு பாழடைந்த வீடு மட்டும். சிறுவயதில் சத்தியம் செய்து கீறிக்கொண்ட உள்ளங்கைத் தழும்பு மறைகிறது, நினைவு மறையவில்லை. ஸ்டானிடமிருந்து எல்லோருக்கும் கடிதம் வருகிறது, தன் சாவே நண்பர்கள் ஜெயிப்பதற்காகத்தான் என்கிற மாதிரி. அந்தக் கடிதத்தை நான் மன்னிக்கவில்லை. நினைவைத் தாங்க முடியாமல் செத்தவனைத் திட்டம் போட்டுச் செத்தவன் ஆக்கிவிட்டார்கள். படத்திலேயே, எழுத்தாளனாகிவிட்ட பில்லின் நாவல்களுக்கு முடிவு சரியில்லை என்று பார்க்கிறவர்களெல்லாம் கிண்டல் செய்கிறார்கள். பழைய சாமான் கடைக்காரராக வரும் கிங்கே அதைச் சொல்கிறார். நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிங்கின் முடிவை நக்கலடிப்பவர்கள் கையில் அதைவிட நல்ல முடிவு இருந்திருக்க வேண்டும்.

கூடுதல் நேரம் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பதும் என் கட்சி இல்லை. கிங்கின் இன்னொரு மலை 'தி ஸ்டாண்ட்'. 1978இல் வெட்டி வெளியிட்டு, 1990இல் வெட்டியதைச் சேர்த்து, ஆயிரத்து நூறு பக்கங்களைத் தாண்டிய கொள்ளைநோய்க் கதை. 1994இல் மிக் காரிஸ் நான்கு இரவுத் தொடராக எடுத்தார். ஆய்வுக்கூடத்தில் கசிவு, ஒரு கார், ஒரு பெட்ரோல் பங்க், ஓர் ஊர், ஒரு தேசம் என்று நோய் பரவும் வரிசையிலேயே போனது. 2020இல் ஒன்பது அத்தியாயத் தொடர் வந்தது. பணமும் இருந்தது, நேரமும் இருந்தது. எல்லோரும் செத்த பிறகு பிணங்களை அள்ளும் இடத்தில் தொடங்கி முன்னும் பின்னும் தாவினார்கள். யார் பிழைப்பார்கள் என்பது முதல் அரைமணியிலேயே தெரிந்துவிட, நோய் பரவுவதில் இருந்த திகில் ஆவியாகிவிட்டது. நேர்கோட்டில் போக வேண்டிய கதையை உடைத்தார்கள். உடைந்தே கிடக்க வேண்டிய கதையை நேராக்கினார்கள். நாவல் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறது என்று பார்க்காமல் எத்தனை மணி நேரம் கொடுத்தும் பயனில்லை.

இப்போது 2025இல் எச்பிஓவில் 'வெல்கம் டு டெர்ரி' வந்திருக்கிறது. மறுபடி முஷியேட்டிதான். இம்முறை கையில் எடுத்திருப்பது நாவலில் எல்லோரும் முதலில் வெட்டிய அந்த இடையீடுகளை! 1962இல் கதை, மைக்கின் தாத்தா காலம் என்று மாற்றிக்கொண்டார்கள், பிளாக் ஸ்பாட் எரிகிறது. தொடக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொளுத்துவது ஊர்க்காரர்கள், பலூனை வைத்து யாரையும் விடுதலை செய்யவில்லை. அந்த அத்தியாயம் இத்தனை வருடத் தழுவல்களில் நாவலுக்கு மிக அருகில் வந்த இடம் என்று துணிந்து சொல்வேன். ஆனால் கூடவே ராணுவம் வந்துவிட்டது. அந்தப் பூதத்தைப் பிடித்துப் பனிப்போர் ஆயுதமாக்கப் போகிறார்களாம். சீருடை, ரகசிய முகாம், வரைபடம். மறுபடியும் பழி ஊருக்கு வெளியே போகிறது. டெர்ரியில் ரகசியமே கிடையாது என்பதுதானே பயம்? எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வெளியூர் போயிருந்தார்கள்.

அடுத்த பருவங்கள் 1935க்கும் 1908க்கும் பின்னோக்கிப் போகும் என்று திட்டம் சொல்லியிருக்கிறார்கள். 1935 என்றால், நாவலில் 1929இல் வரும் பிராட்லி கும்பல்தான். அதை எடுப்பவருக்கு என் கோரிக்கை ஒன்றுதான். கடைக்காரர் சேதியைக் காதில் போடும் அந்த இரண்டு நாட்களையும் முழுதாகக் காட்டுங்கள். முடிதிருத்தும் கடை, வங்கி, மருந்துக்கடை என்று ஒவ்வொரு வாசலாகச் சேதி நடக்கட்டும். ஒருவராவது போலீசுக்குச் சொல்லலாமே என்று நாம் தவிக்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொள்ளட்டும். சுடும் நாளில் கோமாளியைக் கூட்டத்தில் நாலாவது வரிசையில் நிறுத்தினால் போதும். பார்த்தவர் பார்க்கட்டும், பார்க்காதவர் விட்டுவிடட்டும்.